வேங்கை வாய் மூடுகிற வரைக்கும்

முட்டி மடங்காத என் வயசுக்காரர்களுக்கு முதலில் ஒரு கும்பிடு. மடங்குகிறவர்கள் போய் உங்கள் வேலையைப் பாருங்கள். உட்கார்ந்தால் எழ முடியாமல், எழுந்தால் உட்கார முடியாமல், நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு "யாராச்சும் வாங்களேன்" என்று குரல் கொடுக்கிறோமே, அந்த நம் கூட்டத்துக்காகத்தான் எழுதுகிறேன்.

போன மழைக்காலத்தில் மகள் வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். முழங்காலுக்குக் கீழே எலும்பு விட்டுப்போனது. தொடையிலிருந்து கணுக்கால் வரைக்கும் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்த பிறகு ஒரு பெண் பிள்ளை வீட்டுக்கே வந்து காலை மடக்கி மடக்கி விடுகிறாள். பிசியோதெரபி என்று பேர். சிரித்த முகம், இரும்புக் கை. "இன்னுங் கொஞ்சம்மா, இன்னுங் கொஞ்சம்மா" என்று கொஞ்சிக்கொண்டே உயிரை எடுப்பாள். அவள் மடக்குகிறபோதெல்லாம் என் கால் எனக்கு மறந்துபோய் எங்கய்யன் கால்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

அய்யன் என்றால் அப்பா. கொல்லிமலையில் திண்ணனூர் நாட்டில் நாங்கள் இருந்தோம். அங்கே நாடு என்றால் நாலைந்து ஊர் சேர்ந்தது. வெள்ளைக்காரன் ஆண்ட காலம். மலைக்கு ரோடு கிடையாது. கீழே சந்தைக்குப் போகிறவர்கள் இருட்டோடு கிளம்பி ஒற்றையடிப் பாதையில் இறங்குவார்கள். ஏறி வருகிறபோது பேச்சு இருக்காது, மூச்சுதான் இருக்கும். எனக்கு அப்போது எட்டு வயசோ ஒன்பது வயசோ. யாரும் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை.

ஆனி மாசம், பலாப்பழக் காலம். அய்யன் மரத்திலேறிப் பழத்தைக் கயிற்றில் கட்டி இறக்குவார். அம்மா கீழே நின்று வாங்குவாள். நான் ஈ ஓட்டுவேன். அன்றைக்குக் காலையில் சாரல் பிடித்திருந்தது. கிளை வழுக்கிவிட்டது. பழம் ஒரு பக்கம், அய்யன் ஒரு பக்கம். பழம் பிளந்து மஞ்சளாகச் சுளை தெரிந்தது. அய்யனின் வலது கால் இருக்கக்கூடாத பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் கண்ணைத் திறந்ததும் கேட்ட முதல் வார்த்தை:

"பழம் போச்சா?"

அம்மா அவர் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, "பழம் போனாப் போகுது, நீங்க இருங்க" என்றாள். இன்றைக்கும் யாராவது பலாப்பழம் அறுத்தால் எனக்கு வாசத்துக்கு முன்னால் முழங்கால் கூசும்.

எலும்பு கட்டுகிறவருக்கு நாங்கள் எங்கேயும் போகவேண்டியதில்லை. அய்யனுடைய கூடப்பிறந்த அண்ணன், என் பெரியப்பன், அந்த வேலையில் பேர் போனவர். குண்டனி நாட்டிலிருந்தெல்லாம் விரல் ஒடிந்தவர்களும் கால் ஒடிந்த ஆட்டைத் தோளில் போட்டவர்களும் அவரைத் தேடி வருவார்கள். பெரிய உடம்பு, சின்னக் குரல். தம்பி என்றால் உயிர். அன்றைக்கு அவர் ஓடி வந்ததையும், வந்ததும் அழுததையும், அழுதுகொண்டே காலை இழுத்து நேராக்கியதையும் நான் பார்த்தேன். சுள்ளி முறிகிற மாதிரி ஒரு சத்தம். அய்யனுக்கு நினைவு தப்பிவிட்டது.

"மாமா, கீழே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிரலாங்களா?" என்று அம்மா கேட்டாள்.

பெரியம்மா முந்திக்கொண்டாள். "ஆஸ்பத்திரியா? காலை அவங்க வெச்சுக்கிட்டு ஆளை மட்டும் அனுப்புவாங்க. உனக்கு ஏர் ஓட்டுற புருசன் வேணுமா, உக்காந்து திங்கிற புருசன் வேணுமா?"

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. முழுசாகச் சொல்லிவிடுகிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்: அடுத்த மழைக்குள் அய்யன் எழுந்து ஏர் பிடிக்கவேண்டும். எங்கள் காடு படிக்கட்டு மாதிரி சரிவில் இருந்தது. ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு மாட்டையும் ஏரையும் ஏற்ற ஆண்பிள்ளைக்கு ரெண்டு முட்டியும் மடங்கியாகவேண்டும். எனக்கு அண்ணன் தம்பி கிடையாது. வீட்டில் முட்டி மடங்குகிற ஆண் அவர் ஒருத்தர்தான்.

ஊருக்குக் கிழக்கே சாமைக்காட்டு மேட்டில் ஒரு வேங்கை மரம் நின்றது. எங்கள் ஊர் மருந்துப் பெட்டி அதுதான். வயிற்றுப்போக்கு என்றால் பட்டைக் கஷாயம். பல் வலி என்றால் காய்ந்த வேங்கைப் பாலை ஒரு கடுகளவு பல்லில் வைப்பார்கள், வாயெல்லாம் துவர்த்துச் சுருங்கிப் போகும். கொப்புளத்துக்குக் கொழுந்து இலை. பிறந்த குழந்தைக்குக் கண்ணேறு படாமல் நெற்றியில் வைக்கிற பொட்டும் அந்தப் பாலில்தான். பெரியம்மாவிடம் வேங்கைக் கட்டையைக் குடைந்து செய்த ஒரு குவளை உண்டு. அதில் தண்ணீர் ஊற்றி வைத்தால் விடிகிறபோது தண்ணீரில் மயில் கழுத்து மாதிரி ஒரு நீலம் ஓடும். அடிக்கடி ஒன்றுக்குப் போகிறவர்கள் அதைக் குடிப்பார்கள். அந்தக் குவளை இப்போது எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை. நான் கேட்ட எல்லோரும், "எந்தக் குவளை?" என்கிறார்கள்.

எலும்பு உடைந்தால்தான் அந்த மரத்துக்கு முழு மரியாதை. பெரியப்பன் குளித்துவிட்டு ஈரத் துணியோடு போய், மரத்தைச் சுற்றி வந்து, யாருக்காக எடுக்கிறோம் என்று அதன் காது கேட்கச் சொல்லுவார். மரத்துக்குக் காது எங்கே என்று கேட்ட என்னை அம்மா கிள்ளினாள். சூரியன் உதிக்கிற பக்கம்தான் வெட்டவேண்டும். அரிவாள் பட்டதும் சிவப்பாகப் பால் வடியும். ரத்தமேதான். பட்டையை இடித்து, முட்டை வெள்ளைக் கருவும் கேழ்வரகு மாவும் கலந்து பற்றுப் போட்டு, மூங்கில் பத்தை வைத்துக் கட்டுவார்கள்.

கட்டி முடித்ததும் ஒரு பேச்சு உண்டு. அன்றையிலிருந்து மரமும் ஆளும் கூட்டு. மரத்தின் வெட்டுக்காயத்துக்கு வாய் என்று பேர். அந்த வாயின் ரெண்டு ஓரமும் உப்பி, உதடு மாதிரி வளர்ந்து, ஒன்றையொன்று தொட்டு மூடுகிற வரைக்கும் ஆளின் கட்டை அவிழ்க்கக் கூடாது. மரம் கூடினால்தான் எலும்பு கூடியதாகக் கணக்கு.

அதில் தப்பில்லை என்றுதான் எல்லோரும் நினைத்தோம், ஏனென்றால் அதுவரைக்கும் தப்பியதில்லை. விரல் உடைந்தால் விரலகலப் பட்டை. ஆட்டுக்கால் உடைந்தால் ரெண்டு விரல். அந்த அளவுக் காயம் ஒரு மழைக்காலத்தில் மூடிவிடும், அதற்குள் எலும்பும் கூடியிருக்கும். ஆனால் அய்யனுக்கு உடைந்தது கால். கட்டு தொடையிலிருந்து கணுக்கால் வரைக்கும். அதற்கு வேண்டிய பட்டையைப் பெரியப்பன் என் மார்பு உயரத்துக்கு, ரெண்டு கை அகலத்துக்கு உரித்து எடுத்தார். தம்பிக்குக் குறை வைக்கக் கூடாதென்று இன்னும் கொஞ்சம் சேர்த்தே எடுத்தார். கூட நின்ற அத்தை ஒருத்தி, "மரத்தை அம்மணமாக்கிட்டயே அண்ணா" என்றாள். அவர் காதில் விழவில்லை.

தினமும் காலையில் மரத்தைப் பார்த்துவருவது என் வேலை. மாட்டைப் பத்திவிட்டு அப்படியே மேட்டுக்குப் போய், வாய்க்குள் கையை வைத்துப் பார்த்து வரவேண்டும். பனி, ஈரப்புல், வெட்டு வாயிலிருந்து வருகிற துவர்ப்பு வாசம். என் ரெண்டு கையையும் விரித்து வைத்தாலும் இடம் மீதி இருக்கும். ஓரத்தில் மட்டும் நூல் மாதிரி ஒரு தடிப்பு.

திரும்பி வந்தால் அய்யன், கட்டில் மாதிரி தாழ்வாகக் கட்டிய மூங்கில் பரணில் படுத்தபடியே கேட்பார்: "என்ன கண்ணு, என் கூட்டாளி எப்பிடி இருக்கான்?"

"வாயைத் தொறந்துக்கிட்டே இருக்குதுங்க அய்யா."

"உங்கம்மா மாதிரின்னு சொல்லு."

அம்மா அடுப்படியிலிருந்து, "நான் வாயை மூடுனா இந்த ஊட்டுல ஒருத்தருக்கும் கஞ்சி கெடைக்காது" என்பாள். முதல் ரெண்டு மாசம் அப்படிச் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம். கட்டுக்குள் அரிப்பெடுத்தால் அய்யன் ஒரு மூங்கில் ஈர்க்கை உள்ளே விட்டுச் சொறிவார். அந்த ஈர்க்கை நான்தான் சீவிக் கொடுப்பேன். அது தொலைந்தால் வீடே தலைகீழாகும்.

ஆவணியில் ஒரு நாள் அவர் சொன்னார்: "வலி சுத்தமாப் போயிருச்சு. விரலெல்லாம் ஆடுது. பாரு." கட்டுக்கு வெளியே தெரிந்த கால்விரல்களை ஆட்டிக் காட்டினார்.

அன்றைக்குச் சாயங்காலம் பெரியப்பன் எங்கள் காட்டில் களையெடுத்துவிட்டுக் கால் கழுவ வந்தார். அவர் வேலையை முடித்துவிட்டு எங்கள் வேலையையும் பார்த்தார் பாவம். அம்மா தண்ணீர் மொண்டு கொடுத்துக்கொண்டே கேட்டாள்: "மாமா, வலி போயிருச்சுங்கறாரு. கட்டை அவுத்துரலாங்களா?"

"என்னைக் கேக்காதே அம்மணி. மரத்தைக் கேளு."

"மரம் வாய் மூடறதுக்கு ரொம்ப நாளாகும் போலிருக்குதுங்க."

"ஆவுட்டும். அவசரப்பட்டு அவுத்தம்னா கால் மரத்தாட்ட நின்னு போகும். அப்புறம் அழுது பிரயோசனமில்ல."

அவசரம் என்ற வார்த்தையை அன்றைக்குத்தான் முதலில் அம்மாமேல் வைத்தார்கள். எனக்கு அப்போது தெரியவில்லை.

புரட்டாசியில் வேங்கை பூத்தது. மேடெல்லாம் மஞ்சள். பூ உதிர்ந்து அந்தப் பெரிய வாயின் அடியில் குவிந்து கிடக்கும். பார்க்க அழகாக இருந்தது, ஆனால் அழகைச் சொல்ல என்னை யாரும் அனுப்பவில்லை. ஐப்பசி மழையில் வாய்க்குள் பாசி பிடித்தது. நான் பார்த்ததைப் பார்த்தபடி வந்து சொன்னேன். நான் சொல்லச் சொல்ல அய்யன் பேச்சுக் குறைந்துகொண்டே வந்தது. கூட்டாளி என்று சொல்லுவதை விட்டுவிட்டார். கேட்கிறபோது என் முகத்தைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக் கேட்க ஆரம்பித்தார்.

அம்மா உருகிப்போனாள். விடிந்தால் காடு, திரும்பினால் அவரைத் துடைத்துப் புரட்டி விடுகிற வேலை. உட்கார்ந்த இடத்தில் தூங்குவாள். ஒரு நாள் வெயிலில் என்னைக் கூட்டிக்கொண்டு மேட்டுக்குப் போனாள். செம்மண்ணும் சாணியும் பிசைந்து, சுவர் பூசுகிற மாதிரி மரத்தின் வாய் முழுக்கப் பூசினாள். பூசிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தாள். காயமே தெரியவில்லை.

"இப்பப் பாரு. மூடியிருக்குதா இல்லையா?"

"மண்ணுதானேங்கம்மா இருக்குது."

"எனக்குத் தெரியாதா சாமி" என்றாள். கையைப் புல்லில் துடைத்தாள். "நாலு பேரு தூரத்துல நின்னு பாத்தாப் போதும்னு நெனச்சேன்."

மறுநாளே பெரியப்பன் அதைச் சுரண்டி எடுத்துவிட்டார். கோபப்படவில்லை. "மண்ணைப் பூசி யாரை ஏமாத்தறது, அம்மணி? எலும்பையா?" என்று மட்டும் கேட்டார். அந்த ஆள் கத்தியிருந்தால்கூட அம்மா பதிலுக்குக் கத்தியிருப்பாள்.

மார்கழியில் ஒரு வடக்கத்திச் சாமி வந்தார். அருவிக்கோயிலுக்கு அப்படிப்பட்டவர்கள் எப்போதாவது வருவதுண்டு. சடை, சாம்பல், ஒரு தூக்குச் சட்டி. பனி மலையிலிருந்து வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு எங்கள் மலைக் குளிருக்குக் கிடுகிடுவென்று நடுங்கினார். பெரியம்மா, "பனி மலையெல்லாம் வாயிலதான் போல" என்று அவர் முகத்துக்கு நேராகவே சொன்னாள். அவருக்குப் புரியவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு எங்கள் அடுப்பருகில் உட்கார்ந்துவிட்டார். ராமேஸ்வரத்துப் பக்கம் வருசக்கணக்காகத் திரிந்ததில் கொஞ்சம் தமிழ் பிடித்திருந்தார். எல்லா வார்த்தையும் இருக்கும், முதுகெலும்பு மட்டும் இருக்காது.

கஞ்சி குடித்துவிட்டு அய்யன் காலைப் பார்த்தார். "என்ன கட்டு?"

"வேங்கைப் பட்டைங்க சாமி" என்றாள் அம்மா.

அவர் தன் மூட்டையை அவிழ்த்து ஒரு சுருளை எடுத்தார். நான் காகிதம் என்றே நினைத்தேன். வெளியே வெள்ளை, உள்ளே இளம் சிவப்பு, குறுக்கே சின்னச் சின்னக் கோடு. தொட்டால் மான் காதுத் தோல் மாதிரி மெத்தென்று இருந்தது. மரப்பட்டையாம். அவர் மலையில், பனிக்குப் பக்கத்தில், மரமே வெள்ளையாக நிற்குமாம். போஜபத்திரம் என்றார். நாட்டு மருந்துக் கடையில் பூர்ஜபத்திரம் என்று கேட்டால் தெரியும் என்பது பிற்பாடு நான் தெரிந்துகொண்டது.

"எங்க மலையில இது கட்டு. காயம் கட்டு, சீழ் வராது. காது வலி, கொதிக்கிற தண்ணி இது போட்டு, சொட்டு. முட்டி வலி, சூடு பண்ணிக் கட்டு. வீடு கூரை இதுதான், அடியில. தண்ணி வராது. வெண்ணெய் மடிக்கிறது. சாமி மந்திரம் எழுதறது." விரல் விட்டுச் சொல்லிக்கொண்டே போனார். அய்யன் சிரித்தார். பல நாள் கழித்துச் சிரித்தார். "மரமில்ல, மளிகைக் கடைன்னு சொல்லு."

அம்மா சிரிக்கவில்லை. அவள் கேட்டது வேறு. "பட்டை உரிச்ச எடம் மூட எத்தனை நாளாகுமுங்க, அந்த மரத்துல?"

"மூட?" அவருக்கு விளங்கவில்லை. ரெண்டு தரம் கேட்டபிறகு கையை விரித்தார். "மரம் தானே உரியும். காத்துல பறக்கும். ஒரு தோல் போனா அடியில ஒரு தோல். நாங்க எடுக்கிறது, போறது. திரும்பிப் பாக்கிறது இல்ல."

"அப்பக் கட்டை எப்ப அவுப்பீங்க?"

அவர் அம்மாவை ஒரு மாதிரிப் பார்த்தார். பைத்தியமோ என்று நினைத்திருப்பார். "வலி போனா அவுக்கிறது."

பெரிய ஞானி ஒன்றும் இல்லை அவர். இன்னொரு சட்டி கஞ்சியும், மடியில் கட்டிக்கொள்ளத் தினையும் வாங்கிக்கொண்டு, அந்தப் பட்டையில் ஒரு முழம் கிழித்துக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். அவர் போனபிறகு அம்மா அந்தத் துண்டைச் சுருட்டிக் கூரை இடுக்கில் பத்திரமாகச் செருகி வைத்தாள்.

தை பிறந்து, பொங்கல் வந்த சுவடும் தெரியாமல் போனது. ஒரு பகல் பொழுது. ஊர்ச் சனமெல்லாம் காட்டில் இருந்தது. நான் அன்றைய சேதியைச் சொன்னேன்: உதடு என் சுண்டுவிரல் தடிமனுக்கு வந்திருக்கிறது, உள்ளே இன்னும் ரெண்டு கையும் போகிறது. அய்யன் கூரையைப் பார்த்தபடி, "அவுத்துரு" என்றார்.

அம்மா சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் நின்றது.

"என்ன சொன்னீங்க?"

"அவுத்துருன்னேன். அந்த மரம் வாயை மூடறதுக்குள்ள நான் கண்ணை மூடிருவேன். அண்ணங்கிட்ட என்னால கேக்க முடியாது. நீ அவுத்துரு."

"நாளைக்கு மாமா வந்து கேட்டா?"

"நான் பாத்துக்கறேன்."

இதை நான் என் காதால் கேட்டேன். பரணுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். நான் பாத்துக்கறேன் என்றார்.

அம்மா அரிவாள்மனையைக் கொண்டுவந்து கயிறுகளை அறுத்தாள். பற்று ஓடாக இறுகியிருந்தது. உடைத்து எடுக்க எடுக்க ஒரு வாடை, நாள்பட்ட வேர்வையும் பட்டையும் சேர்ந்து. உள்ளே இருந்த கால் எங்கள் யாருடைய காலும் இல்லை. வெளுத்து, தோல் உரிந்து, என் கை அளவுக்குச் சூம்பியிருந்தது. ஆனால் எலும்பு நேராக இருந்தது. அம்மா மேலிருந்து கீழ்வரைக்கும் தடவிப் பார்த்து, "கோணல் இல்லீங்க, கூடிருச்சுங்க" என்று அழுதாள். பெரியப்பன் கட்டு பழுதில்லாத கட்டு. அதை யாரும் குறை சொல்ல முடியாது.

"மடக்குங்க" என்றாள்.

அய்யன் மடக்கிப் பார்த்தார். முகம் மடங்கியது, கழுத்து மடங்கியது, முட்டி மடங்கவில்லை. அம்மா குதிகாலைப் பிடித்து மெதுவாக மடக்கினாள். அய்யன் போட்ட சத்தத்தில் வெளியே மேய்ந்த கோழி பறந்தது. விளக்கெண்ணெய் காய்ச்சி நீவினாள். அந்த வெள்ளைப் பட்டையைச் சூடு காட்டி முட்டியில் சுற்றிக் கட்டினாள். தினமும் கட்டுவாள், நீவுவாள், மடக்குவாள். மடங்கவில்லை.

பெரியப்பனுக்குச் சேதி போய் அவர் வந்து நின்ற காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். முட்டியைப் பார்த்தார், பட்டையைப் பார்த்தார். சின்னக் குரல் இன்னும் சின்னதாகிவிட்டது.

"யாரைக் கேட்டு அவுத்தே, அம்மணி?"

அம்மா அய்யனைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அய்யன் கூரையைப் பார்த்தார்.

கூரையில் என்ன இருந்தது என்று நானும் நிமிர்ந்து பார்த்தேன். ஒட்டடைதான் இருந்தது.

"நாந்தான் மாமா" என்றாள் அம்மா. "நானாத்தான் அவுத்தேன்."

பெரியம்மா அந்த வெள்ளைப் பட்டையைப் பிடுங்கி அடுப்பில் போட்டாள். எண்ணெயில் ஊறின திரி மாதிரி குப்பென்று பிடித்துக் கரும்புகையோடு எரிந்தது. அப்படி எரிகிற மரப்பட்டையை நான் மறுபடி பார்க்கவில்லை. "சொந்த மரத்தைப் பாதியில விட்டுட்டு, பேரு ஊரு தெரியாத மரத்தைக் கட்டுறா. ஒரு பிச்சைக்காரன் பேச்சு, உனக்கு உன்ற மாமன் பேச்சைவிடப் பெருசாப் போச்சா? அவசரக்காரி."

பேர் ஒட்டிக்கொண்டது. எங்கள் பக்கம் பேர் வைத்தால் வைத்ததுதான். அந்த மழைக்கு ஏரைப் பெரியப்பன் பிடித்தார். அய்யன் வேலிக்கால் மாதிரி ஒரு காலைப் பக்கவாட்டில் வீசி வீசி நடந்து, வரப்பில் உட்கார்ந்து கிளி ஓட்டினார். நீட்டிய காலை நீட்டியபடியே வைத்து உட்காருவார். பாதையில் போகிற பிள்ளைகள் அதைத் தாண்டிக் குதித்து விளையாடும். அவர் வையமாட்டார். எங்கே போனாலும் யாராவது ஒருத்தர் கேட்பார்கள், "காலு என்னாச்சுங்க?" பக்கத்தில் இருக்கிறவர் பதில் சொல்லுவார், "ஊட்டுக்காரி அவசரப்பட்டு அவுத்துட்டா." அய்யன் வெற்றிலையை மென்றுகொண்டிருப்பார். ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அண்ணனை எதிர்த்துப் பேசாத தம்பி என்று ஊரில் அவருக்கு நல்ல பேர் இருந்தது. அந்தப் பேரும் கடைசிவரைக்கும் இருந்தது.

நான் பெரியவளாகிக் கல்யாணப் பேச்சு வந்த சமயம், பெரியப்பன் ஒரு நாள் அம்மாவையும் என்னையும் மேட்டுக்குக் கூப்பிட்டார். வேங்கையின் வாய் மூடியிருந்தது. ரெண்டு உதடும் நடுவில் வந்து ஒட்டி, தையல் போட்ட மாதிரி ஒரு நீளத் தழும்பு. அவர் அதை உள்ளங்கையால் தடவினார். அவர் கண் கலங்கியிருந்தது.

"பாத்தயா அம்மணி? எப்பிடிச் சேந்திருக்குது பாரு. நீ இவ்வளவு நாளு பொறுத்திருந்தீன்னா என்ற தம்பி இன்னிக்கு ஓடியிருப்பான்."

நாலைந்து வருசம்! ஒரு மனுசனை அத்தனை வருசம் கட்டிப் போட்டிருக்கவேண்டும் என்கிறார். குத்திக் காட்டச் சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னார். அம்மா, "ஆமாங்க மாமா" என்றாள். வருகிற வழியில் சுள்ளி பொறுக்கினாள். என்னிடமும் ரெண்டு கட்டு தூக்கக் கொடுத்தாள்.

அவளும் அதை நம்பினாளா? அதுதான் எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. நம்பியிருப்பாள் என்றுதான் தோன்றுகிறது. கடைசிக் காலத்தில் அடுப்பில் பால் பொங்கினால்கூட, "நான் அவசரக்காரி, எங்கிட்டப் பாலை விடாதீங்க" என்பாள். அவள் செத்தபோது அத்தை மாரடித்துப் பாடிய பாட்டிலும் அவசரமாகப் போய்விட்டாயே அவசரக்காரி என்று ஒரு அடி வந்தது. எல்லோரும் அழுதார்கள். நானும்தான் அழுதேன்.

இப்போது இங்கே வருவோம். முந்தாநாள் அந்தப் பெண் பிள்ளை என் முட்டியைப் பிடித்தபோது, வலியை மறக்க ஏதாவது பேசலாமே என்று சும்மா கேட்டேன்.

"ஏங் கண்ணு, இந்தக் கட்டை இன்னும் மூணு நாலு மாசம் அவுக்காம விட்டிருந்தா என்னாயிருக்கும்?"

"ஐயோ, எதுக்கும்மா? எலும்பு கூடினா உடனே பிரிச்சு மடக்க ஆரம்பிக்கணும். கட்டியே வெச்சிருந்தா மூட்டு இறுகிப்போயிரும். அப்புறம் நான் என்ன, யாரு வந்தாலும் மடங்காது."

"வலி போயி, விரலு ஆடுனா?"

"அப்பவே டாக்டரப் பாத்துப் பிரிச்சிருக்கணும்."

ஆவணி மாசம். அம்மா செம்பில் தண்ணீர் மொண்டு கொடுத்துக்கொண்டு நிற்கிறாள். மாமா, வலி போயிருச்சுங்கறாரு. கட்டை அவுத்துரலாங்களா?

அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்துக் கையை எடுத்துவிட்டாள். "ரொம்ப வலிக்குதாம்மா? என்ன யோசனை?"

"எங்கம்மாவ ஊர்ல அவசரக்காரின்னு சொல்லுவாங்க கண்ணு."

"ஏன், அப்பிடி என்ன அவசரப்பட்டாங்க?"

எங்கிருந்து ஆரம்பித்து அந்தப் பிள்ளைக்குச் சொல்லுவது? வேங்கை என்றால் அவளுக்குப் புலிதான் தெரியும்.

"அவசரப்படல" என்றேன். "கேட்டுக்கேட்டு நின்னா. அதுல நேரமாயிருச்சு."

அவளுக்குப் புரிந்த மாதிரி தெரியவில்லை. புரியவேண்டியவர்கள் எல்லோரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நீங்களாவது கேட்டு வையுங்கள் என்றுதான் இத்தனையும் எழுதினேன். அவள் என் குதிகாலை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, "இன்னுங் கொஞ்சம்மா" என்றாள்.

வலித்தது. மடங்கியது.